படிக்கல்

வலய மட்டச் சதுரங்கப் போட்டிக்கு மூன்று வாரங்கள் இருந்தன. எங்கள் கல்லூரி அணியில் ஓர் இடம் மட்டும் மீதமாக இருந்தது. அந்த இடத்துக்கு இரண்டு பேர் இருந்தோம். ஒருத்தி நான். மற்றவள் தரம் 6 இலிருந்து என்னோடு ஒரே வாங்கில் இருந்து படிப்பவள். இந்தக் கட்டுரையில் தன் பெயரை எழுத அவள் சம்மதிக்கவில்லை. ஆகவே கடைசி வரை அவள் வெறும் ‘அவள்’ தான்.

எங்கள் இருவரையும் எதிரெதிரே இருத்தி விளையாட விட்டிருந்தால் காரியம் ஒரு பின்னேரத்தில் முடிந்திருக்கும். பொறுப்பாசிரியைக்கு அதில் விருப்பமில்லை.

“நீங்க ரெண்டு பேரும் மோதினா, தோக்கிறவள் ஒரு மாசத்துக்கு மத்தவளோட கதைக்க மாட்டாள். எனக்கு அந்தப் பாவம் வேணாம். கொம்பியூட்டரோட விளையாடுங்க. அதுக்கு ஆளையும் தெரியாது, பேரையும் தெரியாது. பக்கச்சார்பே இல்ல” என்றார்.

எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே ஆட்டினேன் என்று இப்போது நினைக்கிறேன்.

அன்று திங்கட்கிழமை. சோதனை புதன்கிழமை. ஒவ்வொருவருக்கும் மூன்று ஆட்டங்கள். நிரலின் ஐந்தாம் நிலை. வென்றால் 1 புள்ளி, சமநிலை என்றால் ½. ஆசிரியை கணினி அறைக்கு எங்களை அழைத்துச் சென்று நிரலைத் திறந்து காட்டினார். திரையைக் கண்டதும் என் நெஞ்சு ஒருமுறை துள்ளியது. அதே நிரல் எங்கள் வீட்டு மடிக்கணினியிலும் இருந்தது. நானா பல்கலைக்கழகத்துக்குப் போவதற்கு முன்னர் இலவசமாக இறக்கி வைத்துவிட்டுப் போனது. அவளுடைய வீட்டில் கணினி இல்லை. இருக்கும் ஒரே போனும் அவளுடைய உம்மாவின் பழைய பட்டன் போன். இது எனக்கு நன்றாகத் தெரியும்.

அன்றிரவு இஷாத் தொழுதுவிட்டு மடிக்கணினியைத் திறந்தேன். இரண்டு மூன்று ஆட்டங்களில் தோற்ற பிறகு ஒரு விசயம் பிடிபட்டது. ஐந்தாம் நிலையில் அந்த நிரலுக்குப் புதிதாக யோசிக்கத் தெரியாது. நான் அதே நகர்வுகளை அதே ஒழுங்கில் வைத்தால் அதுவும் அதே பதில்களையே தந்தது. அப்படியானால் ஒருமுறை வென்றால் போதும். அந்த ஆட்டத்தை எத்தனை முறையும் வெல்லலாம். செவ்வாய் இரவு அந்த ஒரு முறை வந்தது. வெள்ளைக் காய்களோடு விளையாடி, பதினேழாவது நகர்வில் அதன் இராணியை வெட்டினேன். எல்லா நகர்வுகளையும் கணக்கீட்டுக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வாய்ப்பாடு போல மனனம் செய்தேன்.

புதன்கிழமை முதலாவது ஆட்டத்திலும் மூன்றாவது ஆட்டத்திலும் எனக்கு வெள்ளை. இரண்டிலும் பதினேழாவது நகர்வில் இராணி விழுந்தது. நடுவில் கறுப்போடு விளையாடிய ஆட்டத்தில் தோற்றேன். மொத்தம் 2 புள்ளிகள். அவள் கன்னத்தில் கைவைத்து ஒவ்வொரு நகர்வுக்கும் யோசித்து விளையாடினாள். ஓர் ஆட்டத்தில் தோல்வி, இரண்டு சமநிலை. மொத்தம் 1 புள்ளி. கடைசிச் சமநிலைக்கு அவளுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

“எப்படி புள்ள ரெண்டு தரமும் இராணியைப் புடிச்சாய்?”

“சும்மா வந்திச்சு” என்றேன்.

அணிப் பட்டியலில் என் பெயர் ஏறியது.

*

அந்த வாரமே தமிழ் மொழித் தினப் போட்டிக்கான பேச்சுத் தலைப்பு எனக்குக் கிடைத்தது. ‘மனிதனும் இயந்திரமும்.’ சதுரங்கம் விளையாடும் பிள்ளை என்பதால், காஸ்பரோவைத் தோற்கடித்த கணினியைப் பற்றிப் பேசு என்று தமிழாசிரியை சொன்னார். அதற்காக நூலகத்திலும் இணையத்திலும் தேடி வாசிக்கத் தொடங்கினேன். ‘இயந்திரம் மனிதனை வென்றது’ என்ற ஒரு வரிக் கதையைத்தான் நான் எதிர்பார்த்தேன். வாசிக்க வாசிக்க, அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஒரு பெரிய வழக்கு இருப்பது தெரிய வந்தது. இரண்டு பக்கமும் சமமாக இருந்ததா, எதிராளியை யார் தெரிவு செய்தார்கள், எப்படித் தெரிவு செய்தார்கள் என்பதே அந்த வழக்கு.

1996 பெப்ரவரியில் பிலடெல்பியா நகரில் கரி காஸ்பரோவும் ஐபிஎம் நிறுவனத்தின் டீப் புளூவும் ஆறு ஆட்டங்கள் விளையாடின. முதலாவது ஆட்டத்தில் கணினி வென்றது. ஆனாலும் போட்டியை 4–2 என்று காஸ்பரோவே வென்றார். அடுத்த வருடம் மே மாதம் நியூயோர்க்கில் மறுபடியும் சந்தித்தார்கள். இடையில் கணினி பெரிதும் மாறியிருந்தது. 480 விசேட சதுரங்கச் சில்லுகளோடு ஒரு விநாடிக்குச் சுமார் 20 கோடி நிலைகளை ஆராயக்கூடியதாக ஆகியிருந்தது. ஜோயல் பெஞ்சமின் போன்ற கிராண்ட்மாஸ்டர்கள் அதற்குப் பாடம் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

இந்த முறை முதலாவது ஆட்டத்தில் காஸ்பரோவ் வென்றார். இரண்டாவதில் தோல்வியை ஒப்புக்கொண்டு எழுந்து போனார். அந்த நிலையில் தொடர்ந்து செக் வைத்துச் சமநிலை எடுத்திருக்கலாம் என்பது அவருக்குப் பிறகுதான் தெரிய வந்தது. அடுத்த மூன்று ஆட்டங்களும் சமநிலை. ஆறாவது ஆட்டம் 19 நகர்வுகளில் முடிந்தது. 3½–2½ என்று டீப் புளூ வென்றது.

தோல்விக்குப் பின் காஸ்பரோவ் கோபப்பட்டார். கணினி எப்படிச் சிந்தித்தது என்பதற்கான பதிவுகளைக் கேட்டார். மறுபோட்டி கேட்டார். மறுபோட்டி கிடைக்கவில்லை. டீப் புளூ அதன் பிறகு ஒரு போட்டியிலும் விளையாடவேயில்லை. பதிவுகளைப் பின்னர் ஐபிஎம் இணையத்தில் வெளியிட்டது. இயந்திரத்துக்குள் மனிதக் கை இருந்ததோ என்று அவர் அன்று எழுப்பிய சந்தேகத்துக்கு ஆதாரம் ஒன்றும் வரவில்லை. அதை அப்படியே விட்டுவிடுகிறேன். என்னை நிறுத்தியது அவருடைய இன்னொரு முறைப்பாடு. அதில் நியாயம் இருக்கிறது என்று எனக்குப் பட்டது.

காஸ்பரோவ் சிறு வயதிலிருந்து விளையாடிய ஆட்டங்கள் எல்லாம் அச்சிலும் கணினித் தரவுகளிலும் கிடந்தன. டீப் புளூவின் ஆட்கள் அவற்றை ஒன்றுவிடாமல் படிக்கலாம். ஆனால் புதிய டீப் புளூ விளையாடிய ஆட்டம் ஒன்றுகூட அவருக்குக் காட்டப்படவில்லை. ஓர் ஆட்டத்துக்கும் அடுத்த ஆட்டத்துக்கும் இடையில் நிரலைத் திருத்தவும் விதிகள் இடம் கொடுத்தன. ஒருவர் முகத்தைத் திறந்துகொண்டு இருக்கிறார், மற்றவர் திரைக்குப் பின்னால் இருக்கிறார். போதாததற்கு, பணம் போட்டுப் போட்டியை நடத்தியதும் ஐபிஎம், இயந்திரத்தின் சொந்தக்காரரும் ஐபிஎம்.

இது இன்று நேற்று வந்த பிரச்சினையும் அல்ல. அப்பாஸியர் காலத்தில் பக்தாதில் கலீபா அல்-முக்தஃபியின் அவையில் அல்-மாவர்தி என்ற சதுரங்க ஆட்டக்காரர் செல்லப்பிள்ளையாக இருந்தார். புதிதாக வந்த அஸ்-ஸூலியை அவரோடு விளையாட விட்டபோது, கலீபா எல்லோர் முன்னாலும் மாவர்தியின் பக்கமே நின்று உற்சாகப்படுத்தினார் என்று வரலாற்றாசிரியர் மஸ்ஊதி எழுதியிருக்கிறார். ஸூலி வென்ற பிறகுதான் கலீபாவின் மனம் திரும்பியது. ஸூலியின் திறமை அவரைக் காப்பாற்றியது. ஆனால் ஆட்டத்தை நடத்துகிறவர் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும்போது, மற்றவர் வெறுமனே நன்றாக விளையாடினால் போதாது. சாய்வையும் சேர்த்து வெல்ல வேண்டியிருக்கிறது.

*

1997 க்குப் பிறகு கேள்வி இப்படி மாறியது: டீப் புளூ இனி வராது. அப்படியானால் அடுத்த சம்பியனுக்கு எதிராக எந்தக் கணினியை இருத்துவது?

2000 ஆம் ஆண்டு இலண்டனில் காஸ்பரோவைத் தோற்கடித்து விளாடிமிர் கிராம்னிக் பட்டத்தைப் பெற்றார். அவரோடு மோதும் நிரலைத் தெரிவு செய்ய 2001 ஏப்ரலில் ஸ்பெயினின் கடற்கரை ஊரான கடாக்கேஸில் ஒரு தகுதிப் போட்டி நடந்தது. டீப் ஃபிரிட்ஸ், டீப் ஜூனியர் என்ற இரண்டு நிரல்கள் மட்டுமே அதில் விளையாடின. இரண்டையும் விற்பனை செய்தது ஜேர்மனியின் ஹம்பர்க் நகரிலுள்ள செஸ்பேஸ் என்ற ஒரே நிறுவனம். அந்நாளில் கணினிகளுக்கான உலகப் போட்டிகளில் வென்றிருந்த ஷ்ரெடர் என்ற நிரல் அங்கே இல்லை. உலக சம்பியனுக்கு எதிராளி தேடும் இடத்தில் கணினிகளின் சம்பியன் இல்லாவிட்டால், அது என்ன தெரிவு என்று எவருக்கும் கேட்கத் தோன்றும்.

ஆனால் அந்தப் போட்டி நடந்த விதத்தில் எனக்குப் பிடித்த ஒன்றும் இருக்கிறது. முதல் ஐந்து ஆட்டங்களையும் ஜூனியரே வென்றது. 5–0. அத்தோடு நிறுத்தியிருந்தால் எல்லோரும் ஜூனியரைத்தான் கைகாட்டியிருப்பார்கள். ஆனால் ஒப்புக்கொண்டது 24 ஆட்டங்கள். ஃபிரிட்ஸ் மெதுவாக மெதுவாக எழுந்து வந்தது. 24 ஆட்டங்களின் முடிவில் 12–12. பின்னர் நடந்த மேலதிக ஆட்டங்களில் ஃபிரிட்ஸ் வென்றது. இதை வாசித்தபோது எனக்கு எங்கள் கணினி அறை ஞாபகம் வந்தது. எங்களுக்கு மூன்று ஆட்டங்கள்.

இன்னொரு சிக்கலும் இங்கே உண்டு. கணினியைக் கணினியோடு மோதவிட்டு வெல்வதைத் தெரிவு செய்தால், மற்றக் கணினிகளை நன்றாக வெல்லும் கணினிதான் கிடைக்கும். மனிதனுக்கு மிகவும் கஷ்டம் கொடுப்பதும் அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. கணினியின் பலமும் பலவீனமும் வேறு, மனிதனின் பலமும் பலவீனமும் வேறு. சோதிப்பது ஒன்றாகவும் தேடுவது வேறொன்றாகவும் இருந்தால் முடிவு எப்படிச் சரியாக வரும்? வலய மட்டப் போட்டியில் எனக்கு முன்னால் இருக்கப் போவது வேறு பாடசாலைப் பிள்ளை. அவள் நான் மனனம் செய்த நகர்வுகளை வைக்கப் போவதில்லை. இதை யோசித்தபோது எனக்குக் கொஞ்சம் வியர்த்தது. ஆனாலும் தொடர்ந்து வாசித்தேன்.

கிராம்னிக்கும் டீப் ஃபிரிட்ஸும் 2002 ஒக்டோபரில் பஹ்ரைனில் மோதினார்கள். எட்டு ஆட்டங்கள். நியூயோர்க்கில் நடந்ததற்கு நேர் எதிராக இங்கே ஒப்பந்தம் எழுதப்பட்டது. தான் எதிர்க்கப் போகும் நிரலை கிராம்னிக் போட்டிக்கு வெகு முன்னரே கையில் பெற்று, அதனோடு பழகிப் பார்க்கலாம். கொடுத்த பிறகு அந்த நிரலின் சிந்திக்கும் பகுதியை மாற்றக் கூடாது. கிராம்னிக் அதைப் படித்தார். கணக்குப் போடுவதில் அதை வெல்ல முடியாது என்பதால், இராணிகளை விரைவாக வெட்டிக்கொண்டு, நீண்ட காலத் திட்டம் தேவைப்படும் அமைதியான ஆட்டங்களுக்குள் அதை இழுத்தார். நான்கு ஆட்டங்களின் பின் 3–1 என்று முன்னணியில் இருந்தார். ஐந்தாவதில் ஒரு பெரிய பிழை விட்டுத் தோற்றார். ஆறாவதில் ஒரு துணிச்சலான தியாகம் செய்து தோற்றார். கடைசி இரண்டும் சமநிலை. முடிவு 4–4.

இந்த இடத்தை வாசித்த இரவு நான் பெரிய நிம்மதியோடு தூங்கினேன். உண்மையைச் சொன்னால் சந்தோசத்தோடு தூங்கினேன். உலக சம்பியனே நிரலை முன்னதாக வாங்கி வீட்டில் வைத்துப் பழகியிருக்கிறார். அது ஒப்பந்தத்தில் எழுதிய நியாயம். அப்படியானால் நான் என்ன பெரிய தவறு செய்தேன்? நானும் எதிராளியைப் படித்தேன். அவ்வளவுதானே!

*

வாப்பாவுக்குச் சின்ன ஒரு பலசரக்குக் கடை இருக்கிறது. இப்போது மின்தராசு வந்துவிட்டது. ஆனாலும் பழைய தராசும் அதன் படிக்கற்களும் மேசைக்குக் கீழே இருக்கின்றன. மின்சாரம் இல்லாத வேளைகளில் அதுதான் கைகொடுக்கும். வருடத்துக்கு ஒரு முறை வாப்பா அந்தப் படிக்கற்களை ஒரு பையில் போட்டு எடுத்துப் போய், அதிகாரியிடம் சரிபார்த்து முத்திரை குத்திக்கொண்டு வருவார். அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு கடையில் அவருக்கு உதவியாக நின்றேன். மின்சாரம் போயிருந்தது. ஒரு கிலோ பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார்.

“இந்தக் கல்லு கொஞ்சம் தேஞ்சிருந்தா என்ன வாப்பா? எல்லாருக்கும் அதே கல்லால தானே நிறுக்கிறீங்க?” என்று கேட்டேன். மனதில் இருந்த வழக்கு வாயில் வேறு உருவத்தில் வந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

வாப்பா தராசைப் பார்த்தபடியே சொன்னார்: “கல்லு தேஞ்சா வாங்கிற எல்லாருக்கும் நட்டம். கல்லு சரியா இருந்தும் ஒராளுக்கு மட்டும் நான் தட்டில விரல வெச்சா அவருக்கு மட்டும் நட்டம். ரெண்டுக்கும் மறுமையில கேள்வி இருக்கு மகள்.”

அளவையிலும் நிறுவையிலும் மோசம் செய்வோரின் பெயராலேயே அல்குர்ஆனில் ஓர் அத்தியாயம் இருக்கிறது. சின்ன வயதில் மத்ரஸாவில் அதை மனனம் செய்திருக்கிறேன். கடைக்காரர்களுக்கு இறங்கியது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

அன்றிரவு பஹ்ரைன் கதையை மறுபடியும் எடுத்து வாசித்தேன். இந்த முறை என் நிம்மதி உடைந்தது.

பஹ்ரைனில் போட்டி கிராம்னிக்குக்கும் ஃபிரிட்ஸுக்கும் இடையில் நடந்தது. ஃபிரிட்ஸின் ஆட்களுக்கு கிராம்னிக்கின் ஆட்டங்கள் எல்லாம் தெரியும். ஆகவே கிராம்னிக்குக்கு ஃபிரிட்ஸைத் தெரியச் செய்தார்கள். அதனால் இரண்டு தட்டும் நேரானது. 1997 இல் சாய்ந்து கிடந்த தராசை நிமிர்த்துவதற்காகவே நிரல் அவர் கையில் கொடுக்கப்பட்டது. அதுவும் ஒளித்துக் கொடுக்கப்படவில்லை. எல்லோருக்கும் தெரிய, எழுதிக் கொடுக்கப்பட்டது.

எங்கள் கணினி அறையில் நடந்தது எனக்கும் கணினிக்கும் இடையிலான போட்டியா? இல்லை. போட்டி எனக்கும் அவளுக்கும் இடையில். கணினி வெறும் படிக்கல். இரண்டு பேரையும் நிறுப்பதற்காக வைத்த கல். அந்தக் கல்லை ஒருத்தி இரண்டு இரவு வீட்டில் வைத்துத் தேய்த்துக்கொண்டு வந்தாள். மற்றவள் அதைப் புதன்கிழமைதான் தொட்டாள். பஹ்ரைனில் தராசை நேராக்கிய அதே செயல், எங்கள் கல்லூரியில் தராசைச் சாய்த்தது.

ஆசிரியை சொன்னதும் பொய்யில்லை. கணினிக்குப் பக்கச்சார்பு கிடையாது. அதற்கு என்னையும் தெரியாது, அவளையும் தெரியாது. ஆனால் எனக்கு அதைத் தெரியும். அவளுக்குத் தெரியாது. அநியாயம் இயந்திரத்துக்குள் இருக்கவில்லை. இயந்திரத்துக்கு வெளியே, யார் வீட்டில் மடிக்கணினி இருக்கிறது, யார் வீட்டில் இல்லை என்ற இடத்தில் இருந்தது. அந்த இடத்தை ஆசிரியை பார்க்கவில்லை. நான் பார்த்தேன். பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தேன்.

*

திங்கட்கிழமை இடைவேளையின்போது ஆசிரியையிடம் போய்ச் சொன்னேன். கணக்கீட்டுக் கொப்பியின் கடைசிப் பக்கத்தையும் காட்டினேன். அவர் நகர்வுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கோபப்படுவார் என்று பயந்திருந்தேன். கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “இது என் பிழையும்தான். வீட்டில யாருக்கு என்ன இருக்கு எண்டு நான் கேட்டிருக்கணும்” என்றார். பிறகு, “அவளுக்கு நீ சொல்லிட்டியா?” என்று கேட்டார்.

சொல்லியிருக்கவில்லை. அதுதான் கஷ்டமான பகுதி.

அவள் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தாள். சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. அழவும் இல்லை. “சும்மா வந்திச்சு எண்டு சொன்னியே” என்றாள். அந்த ஒரு வசனம் மட்டும்தான். நிரலை வைத்துப் பழகியதைவிட, கேட்ட கேள்விக்கு நான் சொன்ன அந்தப் பதில்தான் அவளுக்கு வலித்திருக்கிறது. அன்று முழுவதும் அவள் வாங்கின் மறுகரையில் இருந்தாள்.

ஆசிரியை பழைய சோதனையை இரத்துச் செய்தார். இம்முறை கணினி இல்லை. நாங்கள் இருவரும் ஒருவரோடு ஒருவர் நான்கு ஆட்டங்கள் விளையாட வேண்டும். வெள்ளையும் கறுப்பும் மாறி மாறி. நான்கு நாட்கள், பாடசாலை விட்ட பிறகு, நூலகத்தின் ஒரு மூலையில். பல வருடங்களாக நாங்கள் விளையாடியிருக்கிறோம். ஆகவே அவளுக்கு என்னைத் தெரியும், எனக்கு அவளைத் தெரியும். நான் அவசரப்பட்டு இராணியை வெளியே எடுப்பேன் என்பது அவளுக்குத் தெரியும். அவள் குதிரைகளை விட்டுக்கொடுக்க மாட்டாள் என்பது எனக்குத் தெரியும்.

முதலாவது சமநிலை. இரண்டாவதில் அவள் வென்றாள். மூன்றாவதில் நான் வென்றேன். நான்காவதில் எனக்கு வெள்ளை. வெல்லலாம் என்று நினைத்தேன். இருபத்தைந்து நகர்வுகள் வரை என் பக்கம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு அவள் ஒரு சிப்பாயை மெதுவாக நகர்த்தத் தொடங்கினாள். நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. அது போய் இராணியாகும் நேரத்தில்தான் விளங்கியது. அவளுக்கு 2½, எனக்கு 1½.

இங்கே நான் ஒரு நல்ல பிள்ளையைப் போல “தோற்றாலும் மனம் நிறைந்தது” என்று எழுதினால் அது இரண்டாவது பொய்யாகிவிடும். எனக்குக் கவலையாக இருந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இந்த இடம் என்னுடையது என்ற எண்ணம் கழிவறைக்குப் போய் முகம் கழுவும் வரை என்னை விடவில்லை. ஆனால் அதற்குள் இன்னொன்றும் இருந்தது. முதல் சோதனையில் வென்ற நாளிலிருந்து என் நெஞ்சில் கிடந்த ஏதோ ஒன்று அன்று இல்லை. அன்றிரவு மஃரிபுக்குப் பிறகு துஆக் கேட்கும்போது கை இலேசாக இருந்தது.

வலய மட்டப் போட்டிக்கு அவள் போனாள். ஐந்து ஆட்டங்களில் மூன்றை வென்றாள். மேலதிக ஆளாக நானும் போயிருந்தேன். அவள் விளையாடும்போது தண்ணீர்ப் போத்தலைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றேன்.

*

இன்று உலக சம்பியனுக்கும் கணினிக்கும் போட்டி வைப்பதில் ஒருவருக்கும் அக்கறை இல்லை. 2005 இல் அபுதாபியின் ஹைட்ரா என்ற இயந்திரம் இங்கிலாந்தின் மைக்கல் அடம்ஸை 5½–½ என்று தோற்கடித்தது. 2006 இல் பொன் நகரில் கிராம்னிக் மீண்டும் டீப் ஃபிரிட்ஸோடு விளையாடினார். அங்கேயும் நிரல் முன்னதாக அவருக்குக் கொடுக்கப்பட்டது. நிரல் தன் நினைவிலுள்ள தொடக்க நகர்வுகளை வைக்கும் வரை அதன் ஏட்டைத் திரையில் பார்க்கவும் அவருக்கு அனுமதி இருந்தது. அப்படி இருந்தும் இரண்டாவது ஆட்டத்தில் ஒரே நகர்வில் வந்த செக்மேட்டைக் காணாமல் விட்டுத் தோற்றார். போட்டி 4–2 என்று கணினிக்குப் போனது. பிறகு கணினிகள் தாமே விட்டுக்கொடுத்து விளையாடும் காலம் வந்தது. 2016 இல் கொமோடோ என்ற நிரல் சிப்பாய் போன்ற அனுகூலங்களை முதலிலேயே விட்டுக்கொடுத்து ஹிகாரு நகமுராவோடு நான்கு ஆட்டங்கள் விளையாடியது. அப்படியும் 2½–1½ என்று வென்றது.

அதாவது, யார் பலசாலி என்ற கேள்வி தீர்ந்துவிட்டது. எது நியாயம் என்ற கேள்வி தீரவில்லை. அது இப்போது சதுரங்கப் பலகையைவிட்டு இறங்கி எங்களிடம் வந்திருக்கிறது. பரீட்சைக்கும் தெரிவுக்கும் கணினியை நடுவராக வைக்கும்போதெல்லாம் ‘அதுக்குப் பக்கச்சார்பு இல்ல’ என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அந்தக் கல்லை முன்னரே வீட்டுக்குக் கொண்டு போனவர் யார், முதன்முதலாக இன்றுதான் தொடுகிறவர் யார் என்று ஒருவர் கேட்க வேண்டும். ஒருவரும் கேட்காவிட்டால், அதை வீட்டில் வைத்திருக்கிற பிள்ளையே சொல்ல வேண்டும்.

அவள் இப்போது சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வருகிறாள். மடிக்கணினியை நடுவில் வைத்து அந்த நிரலோடு இருவரும் சேர்ந்து விளையாடுகிறோம். பதினேழாவது நகர்வில் இராணி விழும் அந்த ஆட்டத்தை அவளுக்கும் சொல்லிக் கொடுத்தேன். இரண்டு முறை விளையாடிப் பார்த்துவிட்டு, “இதுல என்ன இருக்கு, ஒரே மாதிரித்தானே வருது” என்று மூடிவிட்டாள். பிறகு பலகையை எடுத்து விரித்தாள்.